வாடையை மறைத்த ஏலக்காய்

உன் நீலக் கோட்டு மொட்டை மாடிக் கொடியில் தொங்குகிறது. போன வாரத்திலிருந்து வெயிலும் காற்றும் பட்டும் அந்த வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை. துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அதன் அருகில் போய் நிற்கிறேன். நிற்கக் கூடாது என்று தெரிந்தும் நிற்கிறேன்.

கோட்டைக் கொண்டுவந்தது ஜெசி, உன்னோடு ஒரே விமானங்களில் வேலை பார்த்த பெரியாறு பக்கத்து மலையாளப் பெண். நீ உடம்பு முடியாமல் வேலையை விட்டு வந்தபோது கோட்டு ஆபீஸ் லாக்கரிலேயே கிடந்துவிட்டதாம். பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை ஒட்டி எடுத்து வந்திருந்தாள். உன் படத்துக்கு முன்னால் வைத்து ஒரு பூ போடலாம் என்று நான் கவரைப் பிரித்தேன். முதலில் ஏலக்காய் வாசம் வந்தது. பையைத் துழாவினால் உன் சின்ன எவர்சில்வர் டப்பி, உள்ளே நம் ஏலக்காட்டுக் காய். கண் கலங்கிவிட்டது. கோட்டை முகத்தோடு சேர்த்துக்கொண்டேன். அப்போதுதான் ஏலக்காய்க்கு அடியில் இருந்த இன்னொன்று மூக்கில் ஏறியது. மழையில் நனைந்த சாக்ஸைச் சுருட்டி மூட்டைக்குள் போட்டு மறந்த மாதிரி ஒரு வாடை.

நான் முகத்தைச் சுளித்ததை ஜெசி பார்த்துவிட்டாள்.

"அதே வாடைதான் சேச்சி," என்றாள். "எஞ்சின் ஆயில்."

எனக்கு விளங்கவில்லை. நீ பயணிகளுக்குச் சாப்பாடு கொடுத்தாய், பெல்ட்டு போடச் சொன்னாய். எஞ்சின் ஆயிலுக்கும் உன் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நீ முதல் தடவை விமானத்தில் ஏறி வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வந்தது ஞாபகம் வருகிறது. உன் அப்பா, என் மாமா, வாசலிலேயே நின்று உன்னைக் கேலி பண்ணினார்.

"என்னாத்தா, அங்கிட்டு காத்தெல்லாம் எப்படி?"

"ஜன்னலத் திறந்தா பிச்சுக்கிட்டுப் போகும்ப்பா. அதான் திறக்க விடமாட்டேங்கிறாங்க."

"நம்ம காட்டுல பூச்சி மருந்து வாடையிலயே வளந்த புள்ள. இனியாவது நல்ல காத்தக் குடிக்கட்டும்," என்று மாமா என்னிடம் சொன்னார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். மேகத்துக்கு மேலே போகிறவளுக்குக் காற்றில் என்ன குறை இருக்கப் போகிறது? விமானம் தெரியாத எங்களுக்கு விமானம் என்றால் வானம். அவ்வளவுதான்.

ஜெசி காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவ்வளவு உயரத்தில் வெளிக்காற்றை அப்படியே சுவாசிக்க முடியாதாம். அழுத்திச் சூடாக்கித்தான் உள்ளே விட வேண்டுமாம். பெரும்பாலான விமானங்களில் அந்தக் காற்றை எஞ்சினுக்குள்ளிருந்தே பிரித்து எடுக்கிறார்களாம், மண்ணெண்ணெய் மாதிரி எரிபொருள் எரிகிற இடத்துக்கு முன்னாலேயே. எல்லாம் சரியாக இருக்கிற வரைக்கும் ஒன்றுமில்லை. எங்கேயாவது ஆயிலை அடைத்து வைக்கிற ஒரு சீல் தேய்ந்து அது கசிந்தால், அந்தப் புகை காற்றோடு சேர்ந்து, உட்கார்ந்திருக்கிற எல்லார் மூக்குக்கும் வரும்.

"பயணிகள் எறங்கிப் போயிருவாங்க சேச்சி. நாங்க அடுத்த விமானத்துல ஏறுவோம்."

இத்தனை வருஷம் நீ சுவாசித்தது எஞ்சின் வழியாக வந்த காற்று என்பது எனக்குத் தெரியாது. உன் அண்ணனுக்குத் தெரியாது. உன்னை வழியனுப்பக் கோயிலில் அர்ச்சனை செய்தேனே, விமானம் விழக் கூடாது என்று மட்டும்தான் வேண்டிக்கொண்டேன். மூச்சுக்காக வேண்டிக்கொள்ளத் தோன்றவே இல்லை.

ஆனால் அதுகூடப் பெரிய அதிர்ச்சி இல்லை. அதற்கப்புறம் நான் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன். "அந்தக் கசிவக் கண்டுபிடிக்க மெஷினு இருக்கும்ல?"

ஜெசி தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுதான் மெஷின். நாங்க பறந்த எதுலயும் வேற கிடையாது. வாடை வருதுன்னு நாங்க சொன்னாத்தான் கேப்டனுக்கே தெரியும்."

பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "உங்க நாத்தனார ஏலக்காச் சேச்சின்னுதான் கூப்பிடுவோம். வாடை வந்தா டப்பியைத் திறந்து எல்லாருக்கும் ஆளுக்கொரு காய் குடுப்பா. வாயில போட்டா வாடை போயிரும். எனக்கும் குடுத்திருக்கா."

தலைவலி, பஸ்சு வாந்தி, மூத்திரச் சந்து நாற்றம், எதற்கும் நாம் எல்லாரும் செய்கிறதுதான். நம் ஊர் போடியில் எந்தப் பெண்ணின் கைப்பையைத் திறந்தாலும் நாலு காய் கிடக்கும். வேறு ஊர்ப் பெண்ணுக்கு அப்படித் தோன்றியிருக்காது. மூக்கைப் பிடித்திருப்பாள், கத்தியிருப்பாள், போய்ச் சொல்லியிருப்பாள். நீ ஏலக்காயை மென்றாய். அந்த விமானத்தில் இருந்த ஒரே மெஷினை நீயே அணைத்துவிட்டாய். பக்கத்தில் இருந்தவர்களின் மெஷினையும் அணைத்தாய், அன்பாக, ஆளுக்கொரு காய் கொடுத்து.

நீயா? என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. ஏனென்றால் காட்டில் நீ அப்படி இல்லை.

நீ பத்தாவது லீவில் இருந்தபோது என்னோடு மலை மெட்டுக்கு மேலே நம் காட்டுக்கு வந்தாய். நான் அப்போது இந்த வீட்டுக்கு வந்த புதுசு. சரிவில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நம் காட்டில் வேலை செய்த காளியண்ணன் மருந்து ஓஸ் குழாயைப் பிடித்தபடி ஒரு பச்சைக் காயைக் கிள்ளி வாயில் போட்டார். நீ செடிகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடினாய்.

"என்னண்ணே வாயில? துப்புங்க மொதல்ல."

"சும்மா வாடைக்குத் தாயி. மருந்து கொமட்டுதுல்ல."

"வாடை எதுக்கு வருது? நம்மள ஓடச் சொல்லித்தான வருது. அத மறைச்சுப்புட்டா எப்படி ஓடுவீக?"

"ஆத்தாடி, மொதலாளியம்மா வந்துருச்சுடோய்," என்று அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் துப்பினார். ஓஸைக் கீழே போட்டுவிட்டு, காற்று வருகிற பக்கமாக ஏறி நின்றார். மருந்து வாடை முகத்தில் அடித்தால் அப்படி நிற்க வேண்டும் என்பது நம் காட்டில் மாமா வைத்த சட்டம். நீ அதை மாமாவைவிடக் கறாராகப் பார்த்துக்கொண்டாய்.

அந்தப் பெண் எங்கே போனாள் என்று ஜெசியிடம் கேட்டேன். நேராகவே கேட்டேன். "அவ வாடைக்குப் பயப்படுறவ. ஏன் சொல்லாம இருந்தா?"

"சொன்னா சேச்சி. ஆரம்பத்துல சொன்னா."

நீ சொன்னபோது ஒருவர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, எந்தப் பயணியோ ஷூவைக் கழற்றியிருப்பான் என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். மறுபடி சொன்னபோது, மலைக்காட்டுப் பெண்ணுக்கு மூக்கு நீளம் என்று யாரோ கேலி பண்ணினார்களாம். வாடை வந்தால் எழுதிக் கொடுக்கத் தாள் இருக்கிறதாம். அடிக்கடி எழுதினால் தொல்லை பிடித்தவள் என்று பேர் வருமாம். அதற்கப்புறம்தான் உன் பையில் டப்பி வந்தது.

இதை நீ என்னிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாய். "மதினி, எங்க ஏரோப்ளேன்ல ஊரே செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஒக்காருது, அந்த நாத்தம்," என்றாய். இருவரும் அடுக்களையில் வயிறு வலிக்கச் சிரித்தோம். லீவு முடிந்து போகும்போதெல்லாம் போன தடவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காய் கேட்பாய். கூட வேலை பார்க்கிறவர்களுக்குப் பிடித்துவிட்டது என்றாய். நல்ல பெரிய காயாகப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

கடைசியில் நீ வீட்டோடு வந்துவிட்டாய். கோலப் புள்ளி கோணிக்கொண்டு போனது. பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்று சேலையை உதறுவாய். பேச்சின் நடுவே ஒரு சொல் நின்றுபோகும். அது என்ன, அது என்ன என்று என் முகத்தையே பார்ப்பாய். டாக்டர்கள் மனக்கவலை என்றார்கள், தூக்கம் போதவில்லை என்றார்கள். நான் உனக்காக வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். ஒரு காலையில் பரமசிவன் கோயில் மலையிலிருந்து திருநீறு கொண்டுவந்தபோது நீ நாற்காலியில் சாய்ந்திருந்தாய். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

ஜெசி போன பிறகு போனில் தேடித் தேடிப் படித்தேன். எட்டாவதோடு நின்றவள், இங்கிலீஷில் ஒரு பக்கம் தாண்ட எனக்கு ஒரு மத்தியானம் ஆகிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாண்டினேன். அந்த ஆயிலில் சேர்க்கிற ஒரு மருந்தும் நம் காட்டில் அந்தக் காலத்தில் அடித்த பூச்சி மருந்தும் ஒரே குடும்பமாம். படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். காட்டு மருந்து உன் மேல் படக் கூடாது என்றுதானே மாமா உன்னை மலைக்குக் கீழே படிக்க அனுப்பினார்? அதற்குப் பங்காளி மேகத்துக்கு மேலே உட்கார்ந்திருந்திருக்கிறான்.

காட்டுக் கணக்கு எழுதிப் பழகியவள் நான். ரசீது இல்லாததை வரியில் ஏற்ற மாட்டேன். அந்த வாடைதான் உன் கையை நடுங்க வைத்தது, அதுதான் உன்னைக் கொண்டுபோனது என்று எழுத என்னிடம் ரசீது கிடையாது. உள்ளே வருவது கொஞ்சம்தான், அதனால் வியாதி வராது என்கிற டாக்டர்களும் உண்டு. வரும் என்கிற டாக்டர்களும் உண்டு. உன் இரத்தத்தை அப்போது யாரும் அதற்காகப் பார்க்கவில்லை. ஆனால் நீ சொன்னாய், சிரித்தார்கள். அது நடந்தது. அதை மட்டும் எழுதுகிறேன்.

உனக்கு இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் கௌரி. உன் தோளில் தூங்கி வளர்ந்த என் மகளுக்கு உன்னைப் போலவே விமானத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜெசி பேசும்போது அவளும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உன் அண்ணன் ஒரே பிடியாகப் பிடித்தார். "ஒரு பொம்பளப் புள்ளயக் குடுத்தது போதும். பக்கத்துல சிலமலையில டீச்சர் வேலைக்கு எழுதிப் போடு."

"அத்தைக்குப் புடிச்ச வேலைப்பா அது."

"புடிச்சது. என்ன ஆச்சு?"

"வாயடச்சுட்டாங்க. அதான் ஆச்சு." கௌரி என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. போகவா, வேண்டாமா?"

நான் எழுந்து போனேன். பூசை அறையில் உட்கார்ந்தேன், மந்திரம் பாதியில் நின்றது. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. போகாமல் இருந்தால் அவள் இடத்தில் இன்னொருத்தி மகள் நிற்பாள், அவளிடமும் ஷூ வாடை என்றுதான் சொல்வார்கள். வெளியே வந்து கேட்டேன். "வாடை வந்தா என்ன செய்வ?"

"மாஸ்க்கு போடுவேன். கேப்டன்கிட்ட சொல்லுவேன். எழுதிக் குடுப்பேன்."

"எல்லாரும் சிரிச்சா?"

"தெரியலம்மா," என்றாள்.

பொய் சொல்லவில்லையே என்று அதற்காகத்தான் சம்மதித்தேன், உன் அண்ணனையும் இணங்க வைத்தேன். ஆனால் அந்த "தெரியல" அவள் பெட்டி கட்டி முடிக்கும் வரை என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இன்று காலை பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்சில் அவள் பெட்டியை ஏற்றினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்து இறங்கி வந்துவிட்டாள். டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள்.

"அண்ணே, உள்ள புகை வாடை வருது. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

"பஸ்சுன்னா வாடை வரத்தான் செய்யும், ஏறும்மா."

"பாத்துட்டுச் சொல்லுங்க, ஏறுறேன்."

கண்டக்டர் படியில் நின்று சத்தமாகச் சொன்னார். "ஏரோப்ளேன்ல போற புள்ளைக்கு நம்ம பஸ்சு ஆகலயாம்டோய்." அவருக்கு யார் சொன்னார்களோ, ஊருக்கே தெரிந்திருக்கிறது. பஸ்சு முழுக்கச் சிரித்தது. பூக்காரம்மா சிரித்தார். உன் அண்ணன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "வெரசா ஏறச் சொல்லு," என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

கௌரியின் காது மடல் சிவந்துவிட்டது. உதட்டைக் கடித்தாள். ஆனால் நகரவில்லை. அந்தச் சிரிப்பெல்லாம் அவள் மேல் விழுந்து, ஓய்ந்து, இனிச் சிரிக்க ஒன்றுமில்லை என்று ஆகும் வரை அப்படியே நின்றாள். கடைசியில் டிரைவர் முனகிக்கொண்டே எஞ்சின் மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தார். துணியால் எதையோ துடைத்தார்.

"ஒண்ணுமில்ல. பழைய கிரீஸு காஞ்சிருக்கு."

"சரிண்ணே. பாத்தாச்சுல்ல, அது போதும்," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஒன்றுமில்லாத ஒரு வாடைக்கு என் மகள் ஊர் நடுவில் ஒரு பஸ்சையே நிறுத்தி வைத்தாள். எனக்கு வெட்கமாக இல்லை, தாயி. பஸ்சு வளைவு திரும்பி மறையும் வரை நான் தலையைக் குனியவே இல்லை.