சந்தியாகுவின் நாடு

போர்ட் அலீனா
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் ஜெஸ்ஸியும் நலமா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்தத் தீவு அடுத்த வருடம் வேறு நாட்டின் கைக்குப் போகிறது. இங்கிருப்பவர்களில் யார் யார் குடிமக்கள் என்று சொல்லும் சட்டத்தைத்தான் நான் வேலை பார்க்கும் குழு எழுதிக்கொண்டிருக்கிறது. நேற்று மக்களிடம் கருத்துக் கேட்ட கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். உன்னை விட்டுப் போன உன் வீட்டுக்காரர், சந்தியாகு மாமா! இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு சின்ன மகளோடு இருக்கிறார். என் கையைப் பிடித்து, "மச்சான், என்னை இந்த ஊர்க்காரனா ஆக்கிடு. அங்க எனக்கு யார் கீறாங்க?" என்றார்.

உன் தம்பி,
ஜெரோம்

பழவேற்காடு
17 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

யாரும் இல்லையாமா? வயிற்றுப் பிள்ளையோடு என்னைக் கரையில் விட்டுப் போனான். ஏரிச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடித்து ஜெஸ்ஸியை வளர்த்தேன். தை மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணோட நைனா கீறாரா, பூட்டாரா?"ன்னு கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்? நான் கட்டினவளும் இல்லை, அறுத்தவளும் இல்லை. அவனும் அப்படியே நிற்கட்டும். அவனைப் போன்றவனுக்கு இடமில்லை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் எனக்குத் தம்பி இல்லை.

செசிலியா

போர்ட் அலீனா
8 மார்ச்

அக்கா,

கோபப்படாதே. ஒருவருக்காக எழுதும் வரி அவரோடு நிற்காது. இங்கே பிழைக்க வந்த மீன்பிடிக்காரர்கள் எல்லோர் தலையிலும் விழும். இன்னொன்று: இப்போதைய வரைவின்படி தகப்பன் குடிமகனானால்தான் பிள்ளைக்கு உரிமை. அவரைத் தள்ளினால் அந்தச் சின்னப் பெண் நாடில்லாமல் நிற்பாள்.

ஜெரோம்

பழவேற்காடு
30 மார்ச்

ஜெரோம்,

அது என்னடா சட்டம்? பெற்றவள் அந்த மண்ணில் பிறந்தவள். ஓடிப்போகிறவன் பெயரிலா பிள்ளைக்கு நாடு? நாளைக்கு அவளையும் விட்டு ஓடினால்? தாய் வழியிலும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று முதலில் எழுது.

அவன் விஷயத்தை இனி உன்னிடம் கேட்க மாட்டேன். நான் உயிரோடிருக்க இரண்டாம் கல்யாணம் செய்தான் என்று பொன்னேரி கோர்ட்டில் கேஸ் போட்டுவிட்டேன். "ஆளு வெளிநாட்ல கீறாரே?"ன்னு வக்கீலம்மா கேட்டார். "வருவான்"னேன்.

செசிலியா

போர்ட் அலீனா
12 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதைக் குழுவில் வைத்தேன். வாக்குவாதம் நடந்தது, கடைசியில் நிறைவேறியது. அந்தப் பெண் தாய் வழியில் குடிமகளாகிறாள். நீ போட்ட கேஸால் மாமாவின் குடியுரிமை மனு நின்றுவிட்டது. தன் மேல் கிரிமினல் வழக்கு நடக்கிறவருக்குக் குடியுரிமை இல்லை என்பது ஆரம்பத்திலிருந்தே இருக்கும் பிரிவு; அதில் நான் கை வைக்கவில்லை. ஆபீஸ் வாசலில் அழுதார். "செசிலிகிட்ட சொல்லு மச்சான். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லு. ஜெஸ்ஸி கல்யாணத்துக்கு வந்து முன்னாடி நிக்கிறேன்" என்றார். என்ன பதில் சொல்லட்டும்?

ஜெரோம்

பழவேற்காடு
2 நவம்பர்

அன்புத் தம்பி ஜெரோமுக்கு,

இப்போதுதான் வயிறு குளிர்ந்தது. அந்தச் சின்னப் பெண்ணின் பெயரை எழுது, ஜெஸ்ஸி கேட்கிறாள். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்து, நீயே பதில் சொல் என்றேன். "கல்யாணத்துக்கு வர வேணாம்மா. கோர்ட்டுக்கு வரட்டும்" என்றாள்.

அதையே அவனிடம் சொல்லிவிடு.

உன் அக்கா,
செசிலியா