தோமஸ் ஐயாவின் தோட்டத்தில் நான்கு பந்தங்கள்

அன்புக்குரிய தோமஸ் ஐயாவுக்கு,

உங்களை ஐயா என்று கூப்பிட இவள் யார் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் இறந்து நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இந்தக் குளிர்தேசத்து வெக்ஸ்போர்ட்டில் உங்கள் கல்லறைக்குப் பின்னால் நிற்கிற கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கிறவள். என் குசினி யன்னலால் எட்டிப் பார்த்தால் உங்கள் குடும்பமே தெரியும். நீங்கள், பக்கத்தில் உங்கள் மனைவி எலிசபெத், உங்களுக்கு முன்பே போய்விட்ட பிள்ளைகளுக்கு மூன்று சின்னக் கற்கள். இத்தனை காலமும் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது மரியாதைக் குறைவுதான்.

உண்மையைச் சொன்னால், வந்த புதிதில் உங்களுக்கு நான் பயந்தேன். உங்கள் வேலியோரமாகப் போனால் பஸ் தரிப்பிடம் கிட்ட. நான் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். தவறிப்போய் அந்தப் பக்கத்தால் வந்துவிட்டால், வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை தலையில் தண்ணீர் வார்ப்பது. ஊரில் சுடலைப் பக்கம் போய் வந்தால் அப்படித்தான். இந்தக் குளிரில் அதைச் செய்து, மாதம் முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டு வேலைக்குப் போனதுதான் மிச்சம். தொழிற்சாலையில் கூட நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

இப்போது செத்தவர்களுக்கு நான் பயப்படுவதில்லை. நாளைக் காலையில் என் தம்பி குகனுக்கு அகதி விசாரணை. அவன் இங்கே இருக்கலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்பதை அங்கேதான் முடிவு செய்வார்கள். திருப்பி அனுப்பினால் அங்கே விமான நிலையத்து வாசலைத் தாண்டுவானா என்று எனக்குத் தெரியாது. அப்பா அம்மா போன பிறகு நான்தான் அவனை வளர்த்தேன். எனக்கென்று வேறு ஒருவரும் இல்லை.

குகனும் உங்களைப் போலத்தான் ஐயா. பதினேழு வயதில், வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றவன், இறைக்கிற மெஷினைக்கூட நிற்பாட்டாமல் இயக்கத்துக்குப் போய்விட்டான். வாய்க்கால் நிரம்பித் தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. சில வருடங்கள் கழித்து முழங்காலுக்குள் ஓர் இரும்புத் துண்டோடு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தான். பிறகு தோட்டம், தோட்டம், தோட்டம் மட்டும். இயக்கத்துக்குப் போனவன் என்று இராணுவம் தேடியது, விட்டு வந்தவன் என்று இயக்கத்தார் முறைத்தார்கள். கடைசியில் நான் இங்கே கூப்பிட்டுக்கொண்டேன்.

இயக்கத்தில் இருந்தவன் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், வந்த நாளிலிருந்து அவனுக்கு ஒன்றையே சொல்லிக் கொடுத்தேன். "தோட்டம் செய்தனான் எண்டு மட்டும் சொல்லு குகன். அது பொய்யில்லைத்தானே. முழங்காலைக் கேட்டால் கிணத்தடியில வழுக்கி விழுந்தது எண்டு சொல்லு. மற்றதுக்கு வாய் திறவாதை."

தலையாட்டுவான். பகலில் தலையாட்டுகிறவன் படுத்தால் நித்திரையில் கத்துவான். ஆட்களின் பெயர்கள், கட்டளைகள், "படு, படு" என்ற சத்தம். சுவருக்கு அங்கால் கேட்டுவிடுமோ என்று நான் ரேடியோவை உயர்த்தி வைப்பேன். பக்கத்து வீட்டார் என்னை விசரி என்று நினைத்தாலும் பரவாயில்லை, அவனைப் பற்றி ஒன்றும் நினைக்காமல் இருந்தால் போதும்.

உங்களைக் கண்டுபிடித்தவன் அவன்தான். கோடையில் ஒருநாள், "அக்கா, கீழ இருக்கிறவர் ஒரு தோட்டக்காரர்" என்று மூச்சிரைக்க வந்து சொன்னான். கல்லை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறான். போரிலே காயப்பட்ட வீரர், பிறகு இந்த நிலத்தில் விவசாயம் செய்தவர், எண்பத்தொரு வயதில் கண்மூடியவர். எங்கள் கட்டடம், கார் நிறுத்துமிடம், எதிரே இருக்கிற டோனட் கடை எல்லாமே உங்கள் கோதுமை வயல் என்று கல்லறைத் தோட்டத்து வாசல் பலகையில் போட்டிருக்கிறதாம். அவன் இவ்வளவு பேசி நான் இங்கே கேட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, அடுத்ததை அவன் கேட்கும் வரைக்கும்.

"சண்டை பிடிச்சவர் எண்டு கல்லிலயே வெட்டி வைச்சிருக்கினம் அக்கா. ஒருத்தரும் இவரைத் திருப்பி அனுப்பேல்லையோ?"

சோறு ஆறுகிறது, வந்து சாப்பிடு என்றேன்.

கார்த்திகை விளக்கீடு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அன்று பொழுதுபட எங்கள் ஊரில் வாசல் விளக்கோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். கிணற்றடி, மாட்டுக் கொட்டில், தோட்டத்து மூலை, எங்கும் வெளிச்சம் வைப்போம். தடியில் பழந்துணியைச் சுற்றி, எண்ணெயில் தோய்த்து ஊன்றுகிற பந்தங்கள். போன கிழமை விளக்கீடன்று நான் வேலையால் வந்தபோது வீட்டில் குகன் இல்லை. நல்லெண்ணெய்ப் போத்தல் இல்லை. என் பழைய பருத்திச் சேலையில் பாதி இல்லை. குசினி யன்னலால் பார்த்தால் உங்கள் சுடலையின் நான்கு மூலையிலும் நெருப்பு எரிகிறது.

சுடலையில் விளக்கீடு வைக்கிற சனம் இல்லை ஐயா நாங்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டோம். ஆனால் குகனுக்கு அது சுடலையாகவே தெரியவில்லை. சீமெந்து பூசாத மண் அவனுக்கு நடந்து போகிற தூரத்தில் அது ஒன்றுதான், அதுவும் ஒரு தோட்டக்காரனின் மண். நாலு மூலைக்கும் வெளிச்சம் வைத்துவிட்டு நடுவில் குந்தியிருந்திருக்கிறான். எங்கள் கட்டடத்தில் எத்தனை யன்னல்கள், எத்தனை கண்கள்! யாருக்கு என்ன தோன்றியதோ. லிஃப்ற் வரப் பொறுக்காமல் படியால் ஓடி இறங்கினேன். நான் போய்ச் சேர்வதற்குள் பொலிஸ் கார் வந்து நின்றது.

குகன் எழும்பி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான். அப்படி நில் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பொலிஸ்காரனுக்கே சங்கடமாகி, கையை இறக்கு, இறக்கு என்று சொன்னான். இது என்ன வேலை என்று பொலிஸ்காரன் கேட்க, குகன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னான். இவர் விவசாயி. இந்த மாதம் நாங்கள் தோட்டத்துக்கு வெளிச்சம் வைப்போம். இவர் சண்டை பிடித்தவர். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, நானும்தான் என்றான்.

நான் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பொலிஸ்காரன் அவன் பெயரைக் குறித்துக்கொண்டு, நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் குறித்த பெயர் இப்போது எந்த மேசையில் கிடக்கிறது? நாளைக்கு விசாரிக்கப் போகிறவரின் கைக்கு வந்துவிடுமா? குகனின் வழக்கறிஞர் அப்படியெல்லாம் நடக்காது என்று சிரிக்கிறார். அவருக்கென்ன, சிரிக்கலாம்.

பொலிஸ் கார் போன கையோடு, சுடலைக்கு எதிரே இருக்கிற வீட்டிலிருந்து ரூத் வந்தார். உங்கள் பேரனின் பேத்தி, அவருக்கே எண்பது வயது இருக்கும். கோட்டுக்குக் கீழே சமையல் ஏப்ரன், காலில் வீட்டுச் செருப்பு. முதலில் நல்ல ஏச்சு. காய்ந்த மேப்பிள் சருகுக்குள் நெருப்பு வைக்கிறீர்களே, மூளை இருக்கிறதா என்று. நாங்கள் ஒவ்வொன்றாக அணைத்தோம். உங்கள் தலைமாட்டில் கடைசிப் பந்தத்துக்குக் குகன் கையை நீட்டியபோது, "அது எரியட்டும்" என்றார்.

அந்த வெளிச்சத்தில் நின்றுதான் உங்களைப் பற்றிச் சொன்னார். வீட்டுக் கதையை வெளியே சொன்னதற்கு அவரைக் கோபிக்காதீர்கள். இடி இடித்தால் நீங்கள் வண்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வீர்களாம். பின்னாலிருந்து ஓடிவந்து கட்டிப்பிடித்த சொந்த மகனை ஒருமுறை கழுத்தில் பிடித்து மண்ணில் அழுத்திவிட்டீர்களாம். அதற்குப் பிறகு எலிசபெத் கோடரியைத் தன் கட்டிலுக்குக் கீழே மறைத்து வைத்துக்கொண்டாராம். நொண்டுகிற காலைக் கேட்டால் குதிரை உதைத்தது என்பீர்களாம். போர் என்ற சொல்லே உங்கள் வாயில் வந்ததில்லை. உங்கள் செத்தவீட்டுக்கு வந்த பழைய கூட்டாளி ஒருவர் சொல்லித்தான் பிள்ளைகளுக்கே தெரியவந்தது. பேரன் அதைக் கல்லில் வெட்டுவித்தது அதற்கும் பிறகு.

"எலிசபெத்துக்கும் தெரியாதா?" என்று கேட்டேன். என் பயமெல்லாம் அந்தப் பெண்ணிடம் போய் நின்றது.

தெரியுமே என்று ரூத் தலையை ஆட்டினார். செத்தவீட்டில் எல்லாருக்கும் முன்னால் எலிசபெத் சொன்னாராம்: "எனக்குத் தெரியும். அவர்தான் நித்திரையில் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தாரே."

குகன் என் பக்கம் திரும்பினான். "நானும் கத்திறனானோ அக்கா?"

"ஓம்."

"அதுக்குத்தானோ ரேடியோ போடுறனீ?"

"ஓம் அப்பன்."

படியேறும்போது அவன் சொன்னான்: "நித்திரையில சொல்லுறதை நான் முழிச்சிருந்து சொல்லப்போறன்."

வழக்கறிஞரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். உண்மையைச் சொல்வதுதான் சரி, ஆனால் முடிவு எப்படி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் அவர். நான் அழுதேன், ஏசினேன், சமைக்காமல் கிடந்தும் பார்த்தேன். "எண்பத்தொரு வயசு மட்டும் என்னையும் வண்டிலுக்குக் கீழ படுக்கச் சொல்லுறியோ?" என்று கேட்கிறான். இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா ஐயா? சொல்லாமல் இருந்தீர்கள், நிலம் உங்களிடமே இருந்தது, மிச்சப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். சொல்லியிருந்தால் நித்திரை வந்திருக்குமா? எலிசபெத்தை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

இப்போது அவன் நாளைக்குப் போடுகிற சட்டையை அயன்பெட்டியால் மினுக்குகிறான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மினுக்குகிறான். பயமாக இருக்கிறது ஐயா. இங்கே எவரிடமும் அதைச் சொல்ல முடியாது.

ஆனால் இது என் வாக்கு. நாளைக்கு அவனுக்குப் பின்னால் இருப்பேன். அவன் பேசும்போது இரும மாட்டேன், சட்டையைப் பிடித்து இழுக்க மாட்டேன். ரேடியோவும் இனிமேல் இல்லை. அடுத்த விளக்கீட்டுக்கு நானே வந்து சருகைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, ரூத்திடம் கேட்டுக்கொண்டு, உங்கள் தோட்டத்துக்கு வெளிச்சம் வைப்பேன். குகன் இங்கே இருந்தால் நான்கு பந்தம், அவன் கையால். இல்லாவிட்டால் ஐந்து, ஐந்தாவது அவனுக்கு.

உங்கள் வயலின்மேல் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் மகள்,
குகனின் அக்கா