பாப்பாவின் கை அளவு

அன்புள்ள உங்களுக்கு,

அத்தையின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நான் அனுப்பிய ஸ்வெட்டருக்குள் பாப்பாவின் கையே நுழையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவள் இருந்த அளவிலேயே பின்னியிருக்கிறேன், பைத்தியக்காரி. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே குரோஷா ஊசியைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன்.

நேற்று நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துக்கு ஒரு குழந்தையின் ஸ்வெட்டர் நூல் பிரிந்து வந்தது. "குப்பையில போடும்மா" என்றார் சூப்பர்வைசர். மனசு கேட்கவில்லை. அறைக்கு எடுத்துவந்து சரிசெய்தேன். அந்தச் சூட்டிலேயே நம் பாப்பாவுக்கும் புதிதாக ஒன்று தொடங்கினேன். கைக்கு வந்ததும் நின்றுவிட்டது. எவ்வளவு நீளம் என்று எனக்கென்ன தெரியும்?

அவள் கையை நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்புங்கள். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நூலை நாலு விரல் கூடுதலாகவே வெட்டுங்கள். இந்த வருஷமும் ஊருக்கு வர லீவு கிடையாதாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா