டிங் வந்தாத்தான் சோறு

நவம்பர் 3
இன்னைக்கும் மழை. அவரோட போனை சார்ஜ் போட்டேன். விளக்கு வெச்சதும் டிங்குன்னு வந்துது. தட்டு போட்டேன்.

அவரு இருந்தப்பவும் இப்படித்தான். கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கிற கணக்கையெல்லாம் தினமும் இன்னொரு பெட்டியில அதுவாவே நகல் எடுக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தாரு. முடிஞ்சதும் அவரு போனுக்குச் சேதி வரும். "பேக்கப் ஆயிடுச்சு பொன்னு, சோறு போடு"ம்பாரு. அவரு போயி மூணு மாசம். சேதி இன்னும் வந்துகினு கீது.

நவம்பர் 4
டிங். சாப்பிட்டேன்.

நவம்பர் 6
முன்னெல்லாம் சேதி பச்சையா வரும். கருமாதிக்கு அப்புறம் செவப்பா வருது. இங்கிலீசு, எனக்கு இன்னா தெரியும்? சத்தம் அதே சத்தந்தான். யார்கிட்டயும் காட்டல. காட்டினா நிறுத்திட்டாங்கன்னா?

நவம்பர் 10
அவரோட கம்பெனியில வேலை பாக்கிற பொண்ணு சௌம்யா வந்துது. கருமாதிக்கு அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல, இப்போ நனைஞ்சிகினு வந்து நிக்குது. கம்ப்யூட்டர் படுத்துடுச்சாம். நகலும் கெடைக்கலியாம்.

போனைப் பாத்துட்டு தலையில கை வெச்சிகிச்சு. அவரு போனதும் அவரு பேர்ல இருந்த லாகினை மூடிட்டாங்களாம். நகல் எடுக்கிற வேலை அந்தப் பேர்லதான் ஓடிச்சாம். அனுமதி இல்ல, அனுமதி இல்லன்னு தினமும் கத்தியிருக்கு — இந்த ஒரு போன்ல.

"ஆள் இல்லன்னு மெஷினுக்குத் தெரியலக்கா. அண்ணனையேதான் கூப்டுகினு இருந்திருக்கு."

நானுந்தான்.

நவம்பர் 11
அந்த லாகினைத் திறக்க இந்த போனுக்குத்தான் ரகசிய நம்பர் வரும்னாங்க. குடுத்தனுப்ப மனசு வரல. நானே அம்பத்தூருக்கு எடுத்துகினு போனேன். அவரு சேர்ல வேற ஆளு.

கடைசியா பச்சை வந்த நாள் வரைக்கும் கணக்கு கெடச்சுதாம். மிச்சத்தை பில்லைப் பாத்து ஏத்தணுமாம். முதலாளி, "பரந்தாமன் செஞ்சிட்டுப் போனதாவது இருக்கே"ன்னாரு. நகல் வேலை இனிமே எந்த ஆளு பேர்லயும் ஓடாதாம். சேதி சௌம்யாவுக்குப் போவுமாம்.

"சேதி போறதுலேர்ந்து அண்ணன் போன் நம்பரை எடுத்துடட்டுமாக்கா?"

"ஒரே ஒரு பச்சை வரட்டும். அப்புறம் எடு."

சிரிக்கும்னு நெனச்சேன். சிரிக்கல. சரின்னுச்சு.

நவம்பர் 12
டிங். பச்சை.
"ஆயிடுச்சு பொன்னு, சோறு போடு." நானே சொல்லிகினேன். சொல்லிட்டு — சோறு எறங்கல.

நவம்பர் 13
வரல.

நவம்பர் 14
தெரிஞ்சும் சார்ஜ் போட்டேன். ஏன்?

நவம்பர் 18
சாயங்காலமே பசிச்சுது. போட்டுகினு சாப்பிட்டேன். கை கழுவறப்பதான் நெனப்பு வந்துது — போன் நேத்துலேர்ந்தே அணைஞ்சு கெடக்கு.