திண்டிவனத்தில் சொல்லாத ஒரு "வாங்க"

என் தங்கமே மல்லிகா,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். நம் தம்பி பெண்டாட்டி சகுந்தலாவும் படிக்கட்டும், ஊரும் படிக்கட்டும்.

உன் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். செல்வி புருஷனோடு தென்னாப்பிரிக்காவில், பாஸ்கர் ஜப்பானில். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒன்றாக வீடியோவில் வருவார்கள். அந்த ஊர்களில் ஒருவரை ஒருவர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று போன வாரம் கேட்டேன்.

"ஜூலுக்காரங்க 'சவுபோனா'ன்னுவாங்க பெரிம்மா. உன்னப் பார்த்தேன்னு அர்த்தம். எப்டி இருக்கேன்னு கேட்டா 'ங்கிகோனா'. நான் இருக்கேன், அவ்ளோதான்" என்றாள் செல்வி.

பாஸ்கர் விடுவானா? "இங்க வீட்ட விட்டுக் கெளம்பும்போது 'இத்தே கிமாஸ்'. நம்மள மாதிரியே, போய்ட்டு வர்றேன். அடுத்தவங்க வீட்டுல நுழையும்போது 'ஒஜாமா ஷிமாஸ்'. தொந்தரவு பண்றேங்கன்னு சொல்லிட்டுத்தான் காலை வைக்கணும்."

பாஸ்கர் ஊரில் வருகிறவன் பணிந்து பேசுகிறான். செல்வி ஊரில் கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுகிறார்கள். நம் ஊரில் வீட்டுக்காரி ஒரு "வாங்க" சொன்னால் போதும். அதுகூட உனக்குக் கிடைக்கவில்லையே!

முப்பது வருஷத்துக்கு முன்னால், திண்டிவனத்தில் தம்பி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. உன் புருஷன் செத்து ஆறு மாசம். கத்தரிப்பூ நிறச் சேலையில், அத்தை வரிசைத் தட்டை ஏந்திக்கொண்டு பந்தல் வாசலில் நின்றாய். சகுந்தலா என்னைப் பார்த்து, "வாங்கண்ணி, உள்ள வாங்க" என்றாள். உன்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பினாள், யாரிடமோ காபி ஆச்சா என்று கேட்டாள். திரும்பி வரும்போது விழுப்புரம் பஸ்ஸில் நீ கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏன்க்கா, நான் நின்னது அவ கண்ணுல படவே இல்லியா?"

முந்தாநாள் சகுந்தலா என் வீட்டுக்கு வந்தாள். அதே பெண்ணின் மகளுக்குக் கல்யாணமாம், பத்திரிகை வைக்க வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றவளை ஏற இறங்கப் பார்த்தேன்.

"உன்னப் பார்த்துட்டேன் சகுந்தலா."

"என்னாண்ணி, வெயில்ல நிக்கிறேன், வான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"காலு வலிக்குதா? மல்லிகாவுக்கும் வலிச்சிருக்கும்."

"இன்னுமா அதையே நெனச்சிக்கினு கீறீங்க? அவங்கதான் போய்ச் சேந்துட்டாங்களே!"

"நான் இருக்கேன்" என்றேன்.

பத்திரிகையை கேட் கம்பியில் செருகிவிட்டு நடையைக் கட்டினாள். வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்குச் சோறு எனக்கு இனித்தது.

ஆனால் மல்லிகா, அவள் கூப்பிட்டதும் உன்னை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனவள் நான்தானே? நீ பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாய். நான் பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நீ என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? திட்டியிருந்தால் தேவலை.

கல்யாணத்துக்குப் போவேன். உன் கத்தரிப்பூச் சேலையைக் கட்டிக்கொண்டு, தட்டோடு மண்டப வாசலில் நிற்பேன். "வாங்கண்ணி" என்றால் நகரமாட்டேன். "வாங்க மல்லிகாண்ணி" என்று சம்பந்தி வீட்டார் காதில் விழ அவள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தாலி கட்டி, பந்தி முடிந்து, வாழைமரம் அவிழ்க்கிற வரைக்கும் நிற்பேன். இந்தத் தடவை தனியாக உள்ளே போகமாட்டேன். உன்மேல் ஆணை.

இப்படிக்கு,
அன்றைக்கு உன்னை விட்டுவிட்டு உள்ளே போன உன் அக்கா,
அஞ்சலை