இடப்பக்கம் மட்டும்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நீ நலமாக இருப்பாய். நான் நலமாக இல்லை. பூங்காக்காரர்கள் அறிவித்தே விட்டார்கள். நம் கலங்கரை விளக்கப் படகுச் சவாரியை இடித்துவிட்டு, அந்த இடத்தில் விமானிக் கரடி படங்களை வைத்து ஒரு சவாரி கட்டப் போகிறார்களாம். போனில் சொன்னால் நான் கத்துவேன், அண்ணன் காது போய்விடும் என்று உன் தங்கை என் கையில் காகிதத்தைத் திணித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ரசிகர் சங்கக் கூட்டத்தில் அடிதடி ஒன்றுதான் பாக்கி. மருந்துக்கடைப் பெண் எழுந்து, "படம் பாத்த பிள்ளைங்கதான் இனிமே வரும். காலிப் படகை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நம் சவாரிக்குப் பின்னால் எந்தப் படமும் கிடையாது, அதுதானே அதன் அழகு? இருட்டில் படகு போகும், புயல் அடிக்கும், பாறை மேல் அந்தக் காவல்காரப் பொம்மை விளக்கைத் தூக்கிக் காட்டும். அவர் யார், ஏன் தனியாக இருக்கிறார் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. ஏறினவன் அவனவன் ஒரு கதை கட்டிக்கொண்டு இறங்குவான். கரடிக்கோ ஆறு பாகம் கதை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே போய்க் கைதட்டுவதைத் தவிர நமக்கு என்ன வேலை? இதைச் சொன்னேன். பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் அவள் பக்கம்.

ஏப்ரல் 20 அன்று நிர்வாகம் ரசிகர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறது. சவாரி பழுது பார்க்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது என்று காட்டினால் முடிவை மாற்ற யோசிப்பார்களாம். காட்டத்தான் நம் குறை நோட்டு இருக்கிறதே. பத்தொன்பது வருஷம், மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் ஏறி இறங்கி, இடப்பக்கம் குறை, வலப்பக்கம் சரிசெய்த தேதி என்று என் கையால் எழுதியது. "மூன்றாவது கடற்பறவையின் இறக்கை தொங்குகிறது." எதிரே, ஒன்பதாம் நாள் சரியானது. வலப்பக்கத்தில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நோட்டை உன் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறேன். நீதான் சங்கச் செயலாளர். உன் அலுவலகத்தில் நகல் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டு, அசலைப் பத்திரமாக வைத்திரு. அது நோட்டு இல்லை, என் பாதி உயிர்.

உன் மகளை, என் மருமகளைக் கேட்டதாகச் சொல். வேலை கிடைத்ததும் மாமாவை மறந்துவிட்டாள், கழுதை.

உன் அன்பு மாப்பிள்ளை,
மூக்குக்கண்ணாடி


மார்ச் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நோட்டும் தங்கையும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். அவள் வந்த அன்றே என் அலமாரியை ஒழித்து வைத்துவிட்டாள். இப்போது எனக்குப் பாதிச் சட்டைகளைக் காணோம்.

நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். படகு நடுவழியில் நின்றுபோய், முன்பின் தெரியாத நீயும் நானும் முக்கால் மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோமே, அதுதான் முதல் குறை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற குறைகள் பிறகு எத்தனை! அன்று படகு நிற்காமல் போயிருந்தால் என் தங்கைக்கு வேறு மாப்பிள்ளைதான் பார்த்திருப்பேன். அவள் அதை அடிக்கடி நினைத்துப் பார்ப்பதாகச் சொல்கிறாள்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. கரடிப் படங்களை நீ ஒன்றுகூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே வைகிறாய். அந்தப் பிள்ளைகளுக்கும் அது ஒரு கலங்கரை விளக்கமாக இருக்கலாம் இல்லையா? சும்மா கேட்கிறேன்.

உன் மருமகள் சாப்பிடக்கூட நேரமில்லாமல் வேலை பார்க்கிறாள். என்ன வரைகிறாள் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாதாம், கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நீயும் கேட்காதே.

நகல் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நிம்மதியாக இரு.

அன்புடன்,
உன் மச்சான்


ஏப்ரல் 21

மச்சான்,

நேற்று ராத்திரி முழுக்க உன் தங்கை என்னோடு பேசவில்லை. என்மேல் கோபம் இல்லை. உன்னைப் பற்றி என்ன பேசுவது என்று தெரியாமல்தான்.

நீ இரண்டாவது வரிசையில்தான் இருந்தாய், எல்லாம் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன். என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நான் பேசி முடித்தேன். குறை நோட்டைப் பாருங்கள், ஒவ்வொரு குறையும் சரியாகியிருக்கிறது என்றேன். மேலாளர் பெண்மணி, "பாத்துட்டோம், உங்க செயலாளரே அனுப்பி வச்சாரு" என்று சிரித்துக்கொண்டே திரையைக் காட்டினார். என் கையெழுத்து, சுவர் அளவுக்கு. பக்கம் பக்கமாக நகர்த்தினார்கள். விளக்குக் கை பாதியில் நிற்கிறது. நான்காம் படகில் தண்ணீர் ஒழுகுகிறது. பாறையில் விரிசல். மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு குறைகள் என்று ஒரு தாளில் கூட்டியும் போட்டிருந்தார்கள். அது உன் தட்டச்சு. எனக்குத் தெரியாதா?

வலப்பக்கம் இல்லை. பக்கத்தில் பாதி வெறும் வெள்ளையாக இருந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். ஆமா என்றேன். வலப்பக்கத்தைக் காட்டுங்கள் என்று கத்தினேன். எங்களுக்கு வந்த நகல் இவ்வளவுதான் என்றார். உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அசல் என்னிடம் இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று. நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். மருந்துக்கடைப் பெண் எனக்கு எதிர்க்கட்சி. அவள்கூட எழுந்து, "அந்த நோட்டுல தேதியெல்லாம் இருக்கும், நானே பாத்திருக்கேன்" என்று சொன்னாள். யார் காதிலும் ஏறவில்லை. கைதூக்கச் சொன்னார்கள். தோற்றோம்.

ஊர்க்காரன் எவனோ செய்திருந்தால் போடா என்று விட்டிருப்பேன். கூடவே இருந்து குழி பறித்தாயே. பத்தொன்பது வருஷம் ஆசை ஆசையாக எழுதியதை எடுத்து, அதையே சவாரிக்குச் சாவுச் சீட்டாகக் கொடுத்துவிட்டாய். அதுவும் என் கையெழுத்தில்.

இயந்திரக் கோளாறு, பாதித் தாள்தான் விழுந்தது என்று சொல். நம்பத் தயாராக இருக்கிறேன்.

மூக்குக்கண்ணாடி


ஏப்ரல் 30

மாப்பிள்ளைக்கு,

இயந்திரம் நன்றாகத்தான் வேலை செய்தது. வலப்பக்கத்தின் மேல் வெள்ளைத் தாளை வைத்து மூடி நகல் எடுத்தது நான்தான். ஒன்றிரண்டு பக்கம் இல்லை, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொன்றுக்கும் தாளைச் சரியாக வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

அந்தக் கரடிச் சவாரியை வரைந்தது உன் மருமகள். பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். அவள் மேசையில் படத்தைப் பார்த்துவிட்டேன். அவளுக்கு இது முதல் வேலை. அம்மா போன பிறகு மூன்று வருஷம் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கரடி மேகத்தைக் கிழித்துக்கொண்டு வருகிற இடத்தை எனக்கு வரைந்து காட்டியபோது சிரித்தாள். கூட்டத்தில் நீ ஜெயித்தால் அந்த வேலை நின்றுபோகும். நீ ஜெயிப்பாய் என்று நோட்டைப் படித்ததும் எனக்குத் தெரிந்துபோனது. அதனால் செய்தேன்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சங்கத்தில் நீ எனக்குத் தலைவன். உன் முன்னால் கரடிப் படம் எனக்கும் பிடிக்கும் என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை, நீ கேலி செய்வாய் என்று. ஆறு பாகத்தையும் ஒளிந்து ஒளிந்துதான் பார்த்தேன். வயசான காலத்தில் என்ன பிழைப்பு, பார்.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. நியாயமாக வென்றதாக நினைக்கிறாள். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லாத
மச்சான்


நவம்பர் 12

மச்சானுக்கு,

நீ மே மாதத்திலிருந்து போட்ட நான்கு கடிதங்களும் வந்தன. பதில் எழுத எதுவும் இல்லாததால் எழுதவில்லை. இப்போது இருக்கிறது.

ஆறே மாதத்தில் இடித்துக் கட்டித் திறந்துவிட்டார்கள், நேற்று உன் தங்கையும் நானும் கரடிச் சவாரிக்குப் போனோம். மருமகள் அனுமதிச் சீட்டு அனுப்பியிருந்தாள், போகாமல் எப்படி இருப்பது? குற்றம் கண்டுபிடிக்கத்தான் ஏறினேன், ஒப்புக்கொள்கிறேன். படம் பார்க்காதவனுக்கு ஒன்றும் புரியாது என்று சங்கத்தில் எத்தனை தடவை கத்தியிருப்பேன். எல்லாம் புரிந்தது. கரடி மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது எனக்கு முன்னால் இருந்த சின்னப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன். உன் தங்கை பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

வெளியே வந்தால் மருமகள் நின்றிருந்தாள். கையைப் பிசைந்துகொண்டு, "மாமா, உண்மையைச் சொல்லுங்க. உங்க சவாரியை இடிச்சுட்டுக் கட்டினது. எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயப்படாதே, நீ செய்ததை நான் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். அவள் ஜெயித்தது அவளுடையதாகவே இருக்கட்டும்.

மச்சான், அவள் எனக்கும் பிள்ளைதான். நாலு வயசிலிருந்து என் தோளில் கிடந்தவள். அவள் வரைந்தது என்று ஒரே ஒரு வார்த்தை நீ என்னிடம் சொல்லியிருந்தால், நான் அந்தக் கூட்டத்துக்கே போயிருக்க மாட்டேன். சங்கத்தில் கேவலப்பட்டிருப்பேன், பட்டால் என்ன. வீட்டில் உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆனால் சவாரியை அவளுக்கு விட்டுக்கொடுத்திருப்பேன். கொடுக்க மாட்டேன் என்று நினைத்தாய் பார், இத்தனை வருஷம் கூட இருந்து என்னைப் பற்றி நீ தெரிந்துகொண்டது அவ்வளவுதான். சவாரி போனதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். இது ஆறவில்லை.

உன் தங்கை உன்னை மன்னித்துவிட்டாள், அண்ணன் இல்லையா. அடுத்த மாதம் உன்னை வரச் சொல்லி அவளே எழுதுவாள். வா. கூடத்தில் உனக்குப் படுக்கை போட்டிருக்கும். சாப்பிடும்போது நானும் உன் பக்கத்தில்தான் உட்காருவேன். உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்பேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். மருமகள் எதிரே இருந்தால் சிரிக்கவும் செய்வேன். அவள் எழுந்து போன பிறகு என்னிடம் எதுவும் பேசாதே.

இனிக் கடிதம் எழுதினால் உன் தங்கை பெயருக்கு எழுது.

உன் தங்கையின் கணவன்