ஓலெக்கின் பங்காளி

3.7.2023
டீக்கடையில் இன்றும் என் ராஜ்ஜியம்தான். அண்ணன் மகள் இலக்கியா ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். லீவில் வந்தவள் சொன்ன கதையைக் கொஞ்சம் சீர்செய்து சொன்னேன். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ரில்ஸ்க் என்ற சின்ன ஊருக்கு ராஜா, ஓலெக். அவனுக்கு மேலே மங்கோலிய கான். கான் தலையாட்டினால்தான் இவன் ராஜா. ரஞ்சன்குடி கோட்டைபோல மூன்று பங்கு அவன் கோட்டை என்றேன். பனியில் யானைப்படையும் விட்டேன்.
“பனியில யானைக்கு யாரு மாமா ஸ்வெட்டர் போட்டா?” என்றான் டீ ஆற்றிக்கொண்டிருந்த அறிவரசன்.
கானின் தையற்காரன் என்றேன். நான் படித்தது எட்டாவதுதான் என்றால் யார் நம்புவார்கள்!

4.7
கானின் வரி வசூல்காரனை எதிர்த்துக் கிளம்பினான் ஓலெக்கின் பங்காளி ஒருவன். கான் சொல்லுக்காக அவனை ஓலெக்கே கொன்றான். பங்காளியின் பேர் எனக்கு வாயில் நுழையவில்லை. வந்த பேரை வைத்தேன் — சாமிதுரை.
கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது அண்ணன் பேர். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம்.
வேறு பேரா கிடைக்கல எனக்கு?

5.7
கானைப் பார்க்கப் போகிறவன் இரண்டு நெருப்புக்கு நடுவே நடக்க வேண்டுமாம். மனசில் கள்ளம் இருந்தால் நெருப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பிக்கை, இலக்கியா சொன்னாள். உள்ளங்கையை மடக்கிக்கொண்டேன்.

6.7
குவாரியின் சுண்ணாம்புக்கல் லாரிகளை ஊருக்காக அண்ணன் மறித்த வருஷம் அது. லாரிக் கண்ணாடியை உடைத்தது யார் என்று குவாரி ஆபீஸில் கேட்டார்கள். அண்ணன் பேரைச் சொன்னேன். அவர் உடைக்கவில்லை. மூன்று மாதம் உள்ளே இருந்தார். எனக்கு அதே குவாரியில் வாட்ச்மேன் வேலை வந்தது. ஊரில் மானேஜர் என்று சொல்லிக்கொண்டேன்.
ஊர் என்னைச் சந்தேகப்பட்டது. ஐயனார் முன் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, நான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தேன். ஜெயிலிலிருந்து வந்திருந்த அண்ணன்தான் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.
“சுட்டுருச்சாடா?”

7.7
மழை இல்லை. எங்கும் போகவில்லை.

8.7
ஓலெக் கடைசியில் என்ன ஆனான் என்று இலக்கியாவிடம் கேட்டேன்.
“செத்த பங்காளியோட தம்பி வந்து வெட்டிட்டாரு சித்தப்பா. ரெண்டு பிள்ளைங்களையும் சேர்த்து.”
என் அண்ணனுக்குத் தம்பி ஒருவன்தான். நான்.

9.7
குவாரி ஆபீஸில் நான் செய்ததை இலக்கியாவிடம் சொல்லிவிட்டேன். யானை எதுவும் இல்லாமல். கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன், அவள் அப்பா மாதிரி பிடித்துப் பார்ப்பாள் என்று. பார்க்கவில்லை.

11.7
அரியலூர் பஸ்ஸுக்கு அவள் பெட்டியைத் தூக்கிப் போவது எப்போதும் நான்தான். இன்றும் கைவைத்தேன்.
“விடுங்க. நானே தூக்கிக்கிறேங்க” என்றாள்.
சித்தப்பா என்று சொல்லவில்லை.